12 கோர் என்று வாங்கிய கணினியில் 6 கோர்தான் இருக்கிறது: மீதி ஆறு எங்கே?

தண்டையார்பேட்டை_ஆல்பம்

தண்டையார்பேட்டையில் திருமண ஆல்பமும் வீடியோவும் தொகுத்துத் தரும் சிறிய ஸ்டூடியோ ஒன்றை நடத்துகிறேன். வைகாசி முகூர்த்தங்கள் தொடங்கும் முன் பழைய கணினியை மாற்றிவிட வேண்டும் என்று, இன்டெல் கோர் ஐ5 12400 செயலி உள்ள கணினி ஒன்றை வாங்கினேன். விற்றவர், "12 கோர் சார், கண்ணை மூடிக்கொண்டு எடுத்துப் போங்கள்" என்றார். நானும் கண்ணை மூடிக்கொண்டுதான் எடுத்து வந்தேன். கோர் என்றால் செயலிக்குள் தனியாக வேலை செய்யும் ஓர் அலகு என்ற அளவுக்குத்தான் எனக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்து டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தால் 12 கட்டங்கள் தெரிகின்றன. ஆனால் அதே பக்கத்தின் கீழே கோர்கள் 6 என்றும் லாஜிக்கல் பிராசஸர்கள் 12 என்றும் இருக்கிறது. சந்தேகம் தீராமல், கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரையான பயாஸுக்குள் போய், ஒரு கோரை இரண்டாகக் காட்டும் ஹைப்பர் த்ரெடிங் வசதியை அணைத்தும் திறந்தும், ஒரே வரவேற்பு வீடியோவை, கிராஃபிக்ஸ் சில்லைத் தொடாமல் செயலியின் கோர்களை மட்டும் பயன்படுத்தும் எக்ஸ்264 முறையில் இரண்டு தடவை ஏற்றுமதி செய்தேன். அணைத்திருந்தபோது 50 நிமிடம் ஆனது. திறந்திருந்தபோது 40 நிமிடம் ஆனது. கூடுதலாக ஆறு கோர் உண்மையிலேயே இருந்தால் 25 நிமிடத்தில் முடிந்திருக்க வேண்டும். ஒன்றுமே இல்லையென்றால் 50 நிமிடம் ஆகியிருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே 40 எப்படி வந்தது என்பதே என் கேள்வி. ஏற்றுமதி ஓடும்போது அதே கணினியில் ஆல்பப் பக்கம் ஒன்றைத் திருத்தினால் சுட்டி நகரவே யோசிக்கிறது என்பது இரண்டாவது குறை.

காஜா_பட்டன்

உங்கள் அளவீடு சரியானது, ஐயா. நேரத்தில் 20 சதவீதம் குறைந்திருக்கிறது. அதாவது அதே நேரத்தில் செய்யும் வேலை 25 சதவீதம் கூடியிருக்கிறது. இந்த வகை வேலைக்கு அது எதிர்பார்க்கக்கூடிய பலன்தான். கடைக்காரர்கள் த்ரெட் என்று சொல்வதை இங்கே இழை என்றே எழுதுகிறேன். உரையாடல் இழையில் செயலி இழையைப் பற்றிப் பேசுகிறோம் என்று யாரும் சிரிக்க வேண்டாம்.

என் தந்தை பழைய வண்ணாரப்பேட்டையில், எம்.சி. சாலையை ஒட்டிய சந்தில் தையற்கடை வைத்திருந்தார். கடையில் தையல் இயந்திரம் ஒன்று, ஓவர்லாக் ஒன்று, காஜா எடுக்கும் இயந்திரம் ஒன்று, இஸ்திரிப் பெட்டி ஒன்று இருந்தன. ஆரம்பத்தில் அவர் ஒருவரே எல்லாவற்றையும் பார்த்தார். லைனிங் துணி தீர்ந்துபோனால் தங்கசாலைத் தெருவுக்கு ஆள் அனுப்பிவிட்டு, துணி வரும்வரை வெறுமனே உட்கார்ந்திருப்பார். அந்த நேரம் முழுவதும் எல்லா இயந்திரங்களும் சும்மா கிடக்கும். பிறகு இன்னொரு தையற்காரரைச் சேர்த்துக்கொண்டார். புதிய இயந்திரம் ஒன்றும் வாங்கவில்லை. புதியவர் தமக்கென்று ஓர் அளவு நோட்டு, ஓர் இஞ்ச் டேப், ஒரு சாக்குக்கட்டி ஆகியவற்றை மட்டும் கொண்டுவந்தார். அப்பா துணிக்காகக் காத்திருக்கும்போது அவர் இயந்திரத்தில் உட்கார்ந்தார். அப்பா ஓவர்லாக் போடும் அதே நேரத்தில் அவர் காஜா எடுத்தார்.

உங்கள் செயலியில் இருக்கும் ஆறு கோரும் இப்படிப்பட்ட ஆறு கடைகள். ஒவ்வொரு கடையிலும் இரண்டு தையற்காரர்கள் உண்டு; ஒரு தையற்காரர் என்பது ஓர் இழை. அளவு நோட்டு என்று நான் சொன்னது, கையிலிருக்கும் எண்களைத் தாங்கும் பதிவகங்களையும், அடுத்த ஆணை எது என்று குறித்து வைக்கும் இடத்தையும். முக்கியமாக அவைதான் இரட்டை. கூட்டல், பெருக்கல் அலகுகளும் நினைவகத்திலிருந்து எடுத்து வரும் அலகுகளும், கோருக்குப் பக்கத்திலேயே இருக்கும் சிறிய, வேகமான கேச் நினைவகமும் இருவருக்கும் பொது. விண்டோஸ் தலையை எண்ணி 12 என்கிறது. நீங்கள் கடையை எண்ணி 6 என்கிறீர்கள்.

கோருக்குள் சும்மா கிடக்கும் நேரம் எவ்வளவு என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தால்தான் 40 நிமிடத்தின் பொருள் விளங்கும். உங்கள் கோர் ஒரு கடிகாரத் துடிப்புக்கு 6 ஆணைகள் வரை உள்ளே எடுக்கக்கூடியது. தேவையான தகவல் முதல்நிலைக் கேச்சில் இருந்தால் சுமார் 5 துடிப்பில் கைக்கு வந்துவிடும். எந்தக் கேச்சிலும் இல்லாமல் ராம் வரை போக வேண்டியிருந்தால், 80 நானோ வினாடி என்று வைத்துக்கொண்டாலும், 4 கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் அது 320 துடிப்பு. அதற்குள் 1,920 ஆணைகளுக்கான இடம் கடந்து போய்விடுகிறது. செயலி முன்கூட்டியே பின்வரும் ஆணைகளைத் துழாவி அந்த இடத்தில் கொஞ்சத்தை நிரப்பும் என்றாலும் முழுவதையும் நிரப்ப முடியாது. இது ஒருவகை வீண். இன்னொரு வகை, காத்திருப்பே இல்லாவிட்டாலும், ஒரு கணக்கின் விடை வந்தால்தான் அடுத்த கணக்கு என்று வேலை சங்கிலியாக இருப்பதால் ஆறு இடங்களில் இரண்டு மட்டும் நிரம்புவது. இரண்டாவது இழை இந்த இரண்டு வகை ஓட்டைகளையும் அடைக்கிறது. ஓட்டை எவ்வளவோ, பலனும் அவ்வளவே. உங்கள் வீடியோ வேலையில் நாலில் ஒரு பங்குக்கு ஓட்டை இருந்திருக்கிறது.

எண்ணூர்_காற்று

அண்ணா, நீங்கள் சொல்வது எனக்கு நேர்மாறாக நடந்தது. கடலோரக் காற்றோட்டத்தைக் கணக்கிடும் நிரல் ஒன்றை ஆய்வுக்காக எழுதிவருகிறேன். அதன் பெரும்பகுதி பெரிய அணிகளை, அதாவது எண் அட்டவணைகளை, பெருக்குவது. என்னிடமும் 6 கோர், 12 இழைச் செயலிதான். 6 இழைகளில் ஓட்டியதைவிட 12 இழைகளில் ஓட்டியபோது நேரம் கொஞ்சம் கூடிவிட்டது. பலன் பூஜ்யம் என்றால்கூட ஒப்புக்கொள்வேன், நஷ்டம் எப்படி வரும்? உங்கள் அப்பாவின் கடைக்கு இரண்டாமவர் வந்ததால் சட்டைகள் குறைந்தனவா?

காஜா_பட்டன்

தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் குறைந்தன, தம்பி. இருவருக்கும் ஒரே நேரத்தில் காஜா இயந்திரம் வேண்டியிருந்தது. வெட்டுமேசையில் இவர் துணியை விரித்தால் அவர் துணி கீழே விழுந்தது.

அணிப் பெருக்கலுக்கான நல்ல ஆயத்த நிரல் தொகுப்புகள், அணியைச் சிறு துண்டுகளாக வெட்டி, ஒரு துண்டு கேச்சில் சரியாகப் பொருந்தும்படி வைத்து, பெருக்கல் அலகு ஒரு துடிப்புகூடச் சும்மா இராதபடி எழுதப்பட்டவை. அப்படிப்பட்ட வேலையில் அடைக்க ஓட்டையே இல்லை. இரண்டாவது இழை உள்ளே வந்தால் அதுவும் தன் துண்டை அதே கேச்சில் வைக்கிறது. உங்கள் செயலி எது என்று நீங்கள் சொல்லவில்லை. ஆல்பக்காரரின் 12400-இல் முதல்நிலைத் தகவல் கேச் கோருக்கு 48 கிலோபைட், இரண்டாம்நிலை 1.25 மெகாபைட். ஒருவருக்கு அளவெடுத்த மேசையில் இருவர் உட்கார்ந்தால், ஒருவர் வைத்ததை மற்றவர் தள்ளிவிட, இருவருமே மீண்டும் மீண்டும் தொலைவுக்குப் போய்த் துணி எடுத்து வர வேண்டியதாகிறது. நஷ்டம் அங்கே வருகிறது.

தையற்கடை உவமை பொருந்தாத இடம் ஒன்றும் உண்டு; அதையும் சொல்லிவிடுகிறேன். கடையில் ஒருவர் விட்ட இடத்தை மற்றவர் முழுவதும் எடுத்துக்கொள்ளலாம். செயலியில் சில பகுதிகளுக்கு நடுவே சுவர் எழுப்பிவிடுகிறார்கள். ஆணைகளை முடியும்வரை வரிசையாகப் பிடித்து வைக்கும் ரீஆர்டர் பஃபர் என்ற பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். இன்டெலின் ஸ்கைலேக் கோரில் அதில் 224 இடங்கள். இரண்டு இழைகளும் ஓடும்போது அது 112, 112 என்று சரிபாதியாகப் பிரிகிறது. ஒன்று ஓய்ந்துவிட்டால் சுவர் நீங்கி மற்றதற்கு 224-உம் கிடைக்கிறது. ஓர் இழை நின்றுபோய் எல்லா இடத்தையும் அடைத்துக்கொண்டு மற்றதைப் பட்டினி போடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு இது. ஆனால் இதனால், முன்னோக்கித் துழாவும் பார்வையும் பாதியாகிறது. ஆகவே 12 இழைகளில் ஓடும் ஒவ்வோர் இழையும் தனியாக ஓடுவதைவிட மெதுவாகத்தான் ஓடும். இரண்டின் கூட்டுத்தொகை ஒன்றைவிட அதிகமா என்பது மட்டுமே கேள்வி. மொத்த வேலையின் அளவையும் ஒரு வேலை முடியும் நேரத்தையும் குழப்பிக்கொள்வதால்தான் இந்த விஷயத்தில் பாதிச் சண்டைகள் நடக்கின்றன.

உங்கள் நிரலில் இன்னொன்றையும் பாருங்கள். ஓர் இழை மற்றதற்காகக் காத்திருக்கும்போது உண்மையில் உறங்குகிறதா, அல்லது "முடிந்ததா, முடிந்ததா" என்று சுற்றிச் சுற்றிக் கேட்டுக்கொண்டிருக்கிறதா? தனிக் கோரில் அப்படிச் சுற்றினால் மின்சாரம்தான் வீண். இரட்டை இழைக் கோரில் சுற்றினால் பக்கத்தில் உழைப்பவனின் இடத்தைப் பிடுங்கிக்கொண்டே சுற்றுகிறது. இதற்காகவே இன்டெல் பாஸ் என்ற ஆணையை வைத்திருக்கிறது. ஸ்கைலேக்கில் அதன் ஓய்வை ஏறக்குறைய 10 துடிப்பிலிருந்து 140 துடிப்பு வரை நீட்டினார்கள்.

பழைய_பெண்டியம்

பெரம்பூரில் கணினி பழுது பார்க்கும் தொழிலில் இருந்து ஓய்வு பெற்றவன். இந்தக் குழப்பம் புதிதில்லை என்பதைச் சொல்லத்தான் வந்தேன்.

2002 நவம்பரில் 3.06 கிகாஹெர்ட்ஸ் பெண்டியம் 4 வந்தபோதுதான் ஹைப்பர் த்ரெடிங் மேசைக் கணினிக்கு வந்தது. அதே ஆண்டின் தொடக்கத்தில் சியான் சர்வர் செயலிகளில் வந்துவிட்டது. சில்லின் பரப்பு 5 சதவீதத்துக்குள்தான் கூடுகிறது, வேலை 30 சதவீதம் வரை கூடும் என்று இன்டெல் சொன்னது. "வரை" என்ற சொல்லை யாரும் காதில் வாங்கவில்லை. அந்தச் செயலியில் முதல்நிலைத் தகவல் கேச் வெறும் 8 கிலோபைட். அதை இரண்டு பேர் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும். விண்டோஸ் 2000-க்கு இழைக்கும் கோருக்கும் வேறுபாடே தெரியாது; இரண்டு செயலி உள்ள மதர்போர்டில் ஒரு செயலி முழுவதும் சும்மா இருக்க, மற்றதிலேயே இரண்டு வேலைகளையும் அடுக்கிவிடும். எக்ஸ்பி வந்த பிறகுதான் ஓரளவு விவரம் தெரிந்து நடந்தது. "கணினி மெதுவாகிவிட்டது" என்று கொண்டுவந்த சிலருக்கு, பயாஸில் அதை அணைத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். கூலி வாங்கவில்லை, வாங்கியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

2006-இல் வந்த கோர் 2 செயலிகளில் இன்டெலே இதைக் கைவிட்டது. 2008 நவம்பரில் முதல் கோர் ஐ7 வந்தபோது திரும்பக் கொண்டுவந்தது. நினைவகத்தை நேராகச் செயலியோடு இணைத்து, கேச்சையும் பெரிதாக்கியிருந்ததால் இந்த முறை எடுபட்டது. ஏஎம்டி 2011-இல் புல்டோசரில் வேறு வழியை முயன்றது. இரண்டு முழு எண் கோர்கள் ஒரே தசமக் கணக்கு அலகைப் பகிர்ந்துகொள்ளும் அமைப்பு அது. எதிர்பார்த்த பெயர் கிடைக்கவில்லை. 2017-இல் ரைசனில் அவர்களும் கோருக்கு இரண்டு இழை என்ற வழிக்கே வந்தார்கள்.

இதை இன்டெலின் கண்டுபிடிப்பு என்று நினைக்க வேண்டாம். 1968 வாக்கிலேயே ஐபிஎம் இதை ஆராய்ந்திருக்கிறது. இன்றைய வடிவில் இதை நிறுவிக் காட்டியது வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் டீன் டல்சன், சூசன் எக்கர்ஸ், ஹென்றி லெவி ஆகியோர் 1995-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை. டெக் நிறுவனத்தின் ஆல்ஃபா வரிசையில் கோருக்கு நான்கு இழையோடு ஒரு செயலி திட்டமிடப்பட்டு, 2001-இல் கைவிடப்பட்டது. அது வெளிவராமல் போனதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

கேட்_மூடியாச்சு

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் நின்றுகொண்டு இதை எழுதுகிறேன். அடுத்தடுத்துச் சரக்கு ரயில்கள் வரும்போல் இருக்கிறது, ஆகவே நேரம் தாராளமாக இருக்கிறது.

துறைமுகத்தையொட்டிய சரக்குப்போக்குவரத்து அலுவலகம் ஒன்றில் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறேன். ஆல்பக்காரருக்கு வந்த 40 நிமிடக் கணக்கு எங்களை வேறு வடிவத்தில் கடித்தது. கன்டெய்னர் விவரங்களைத் தரும் சர்வரில் செயலிப் பயன்பாடு 50 சதவீதம் என்று காட்டிக்கொண்டிருந்தது. இன்னும் பாதி மிச்சம் இருக்கிறது என்று மேலாளர் இன்னொரு கிளையின் வேலையையும் அதிலேயே ஏற்றச் சொன்னார், ஏற்றினோம். காட்டும் பயன்பாடு 70-ஐத் தாண்டியதும் பதில் வரும் நேரம் எகிறிவிட்டது.

காரணம் எளிது. ஒவ்வொரு கோரிலும் ஓர் இழை மட்டும் ஓடினால் கணினி 50 சதவீதம் என்று காட்டும். ஆனால் எந்த வேலையை எங்கே ஓட்டுவது என்று தீர்மானிக்கும், இயங்குதளத்தின் ஷெட்யூலர் முதலில் காலியான கோரைத்தான் தேடிக் கொடுக்கும். எல்லாக் கோரும் நிரம்பிய பிறகே இரண்டாவது இழைகளில் ஆளை உட்கார வைக்கும். இரண்டாவது இழைகள் தருவது 25 சதவீதம் கூடுதல் என்று வைத்துக்கொண்டால், மொத்தத் திறன் 125. அதில் 100 ஏற்கெனவே செலவாகிவிட்டது. திரையில் 50 என்று தெரிந்தபோது உண்மையில் 80 சதவீதம் தீர்ந்திருந்தது. அந்தப் பாதிக்குமேல் ஏறும் ஒவ்வொரு புள்ளியும் பக்கத்து இழையின் வேகத்தைக் குறைத்துத்தான் ஏறுகிறது.

இணையம் வழியே கணினியை வாடகைக்குத் தரும் க்ளவுடில் இடம் எடுப்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். இன்டெல் செயலி உள்ள க்ளவுட் கணினிகளில் விசிபியு (மெய்நிகர் செயலி) என்று விற்பது பெரும்பாலும் ஓர் இழையைத்தான். 4 விசிபியு என்றால் 2 கோர். அமேசானின் கிராவிட்டான் செயலிகளில் ஒரு விசிபியு ஒரு முழுக் கோர். இரண்டையும் எண்ணிக்கையை மட்டும் வைத்து விலை ஒப்பிடுவது, கடைக்காரர் ஆல்பக்காரருக்குச் செய்ததை நாமே நமக்குச் செய்துகொள்வது.

பாதுகாப்பைச் சொல்லாமல் விட முடியாது. ஒரே மேசையில் இருவர் என்றால் ஒருவர் வேலையை மற்றவர் ஓரக்கண்ணால் பார்க்கலாம். பொதுவான கேச்சில் எந்த வரி எப்போது வெளியே தள்ளப்படுகிறது என்பதை அளந்தே பக்கத்து இழையின் ரகசியச் சாவியை ஊகிக்க முடியும் என்று பாதுகாப்பு ஆய்வாளர் காலின் பெர்சிவல் 2005-இலேயே காட்டினார். 2018 ஜூனில் ஓபன்பிஎஸ்டி என்ற இயங்குதளம் ஹைப்பர் த்ரெடிங்கை இயல்பாகவே அணைத்துவிட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் எல்1டிஎஃப் என்ற செயலிப் பாதுகாப்புக் குறையும், 2019 மே மாதத்தில் எம்டிஎஸ் என்ற அதே வகைக் குறைகளும் வெளிவந்தபோது, அந்நியர்களின் நிரல்களை ஒரே கோரில் ஓட்டுபவர்கள் இழையை அணைப்பதா, ஆபத்தைச் சுமப்பதா என்று தவித்தார்கள். 2021-இல் வந்த லினக்ஸ் 5.14-இல், ஒருவரையொருவர் நம்பும் வேலைகளை மட்டும் ஒரே கோரில் உட்கார வைக்கும் வசதி சேர்ந்தது. வீட்டுக் கணினியிலும் ஸ்டூடியோக் கணினியிலும் இதற்காக அணைக்கத் தேவையில்லை என்பது என் கருத்து. பொதுமக்களின் நிரலை ஓட்டும் சர்வர் என்றால் யோசிக்கத்தான் வேண்டும்.

கேட் திறந்துவிட்டது.

வியாசை_வாசகி

கல்லூரிக்கு மடிக்கணினி வாங்குவதற்காக இந்த உரையாடலை முழுவதும் படித்தேன். எனக்கு ஒரு முரண்பாடு தெரிகிறது. ஆப்பிளின் எம்1 செயலியில் இந்த வசதியே இல்லை. ஆனாலும் அது வேகமானது என்று எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். 2024-இல் வந்த இன்டெலின் லூனார் லேக்கிலும் ஆரோ லேக்கிலும் ஹைப்பர் த்ரெடிங்கை எடுத்துவிட்டார்கள். 14900கே செயலியில் 24 கோருக்கு 32 இழை இருந்தது. அதன் இடத்துக்கு வந்த 285கே-யில் 24 கோருக்கு 24 இழைதான். நல்ல வசதி என்றால் வளர்த்தவர்களே ஏன் நீக்க வேண்டும்? இதற்கும் கணினி விளையாட்டுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

காஜா_பட்டன்

முரண்பாடு இல்லை, அம்மா. கடைக்குள் இரண்டாம் ஆளைச் சேர்ப்பது, பக்கத்துச் சந்தில் வாடகை அதிகமாக இருந்த காலத்து யோசனை. இன்டெல் 2021-இல் ஆல்டர் லேக் தொடங்கி, பெரிய கோர்களோடு சிறிய கோர்களையும் ஒரே சில்லில் பரவலாக வைக்க ஆரம்பித்தது. அந்தச் சிறிய கோர்களுக்கு இரண்டாவது இழை கிடையாது. சிறிய கோர் பரப்பிலும் மின்சாரத்திலும் சிக்கனமானது. கூடுதல் வேலையைப் பெரிய கோரின் இரண்டாவது இழையில் திணிப்பதைவிட, தனி மேசையும் தனி இயந்திரமும் உள்ள சிறிய கோரில் வைத்தால் யாரும் யாரையும் தள்ள வேண்டியதில்லை. இழை இல்லாத கோரில் சுவர்களும் பங்கீட்டுக் கணக்கும் வேண்டாம். வடிவமைப்பையும் சோதனையையும் எளிதாக்கலாம். மின்கலத்தில் ஓடும் மடிக்கணினியில் அதற்கு மதிப்பு உண்டு. எம்1 வேறு விதமாக அதே இடத்துக்கு வந்தது: கோரை மிக அகலமாக்கி, முன்னோக்கித் துழாவும் பார்வையையும் மிகப் பெரிதாக்கி, ஓர் இழையாலேயே ஓட்டைகளை முடிந்தவரை நிரப்பிவிடுகிறது.

அதற்காக இது செத்துவிட்டது என்று எழுதுபவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. ஏஎம்டி தன் 2024-ஆம் ஆண்டு ஜென் 5 கோரிலும் இதை வைத்திருக்கிறது. ஐபிஎம் 2014-இன் பவர்8-இல் கோருக்கு 8 இழை கொடுத்தது. தரவுத்தள வேலை என்பது பெரும்பாலும் நினைவகத்துக்காகக் காத்திருப்பது. காத்திருப்பவர்கள் நிறைந்த கடையில் எட்டுப் பேர்கூட உட்காரலாம்.

விளையாட்டைப் பொறுத்தவரை, ஒரு முக்கிய இழையின் வேகத்தை நம்பியிருக்கும் விளையாட்டுகளில் பெரிய வேறுபாடு தெரியாது. கோர் நாலே இருந்தால் இரண்டாவது இழை கைகொடுக்கும், எட்டு இருந்தால் பெரும்பாலும் தேவைப்படாது. மடிக்கணினி வாங்கும்போது கோர் எண்ணிக்கையையும், சித்திரை வெயிலில் எவ்வளவு நேரம் வேகம் குறையாமல் ஓடுகிறது என்பதையும் பாருங்கள். இழை எண்ணிக்கையை மூன்றாவதாகப் பார்த்தால் போதும்.

ஆல்பக்காரரின் இரண்டாவது குறையை மறந்துவிட்டோம். ஏற்றுமதி ஓடும்போது டாஸ்க் மேனேஜரின் டீட்டெயில்ஸ் பக்கத்தில் அந்த நிரலின் மீது வலது சொடுக்கி, அஃபினிட்டி என்ற இடத்தில் ஒரு கோரை அதனிடமிருந்து விலக்கி வையுங்கள். அந்தக் கோர் உங்கள் கைவேலைக்குக் காலியாக இருக்கும்.

தண்டையார்பேட்டை_ஆல்பம்

செய்து பார்த்தேன், முதலில் தவறாகச் செய்தேன். 12 கட்டங்களில் முதல் ஆறு உண்மையான கோர், பின் ஆறு இரவல் கோர் என்று நானாக நினைத்துக்கொண்டு, 5, 11 என்ற இரண்டு கட்டங்களின் குறியை எடுத்துவிட்டேன். சுட்டி முன்போலவே தயங்கியது. ஒரு முழுக் கோரை ஒதுக்குவதாக எண்ணி இரண்டு கடைகளில் ஒவ்வொருவரை மட்டும் எழுப்பிவிட்டிருக்கிறேன்.

காஜா_பட்டன்

விண்டோஸில் 0-உம் 1-உம் ஒரே கோர், 2-உம் 3-உம் ஒரே கோர் என்று அடுத்தடுத்து வரும், ஐயா. நீங்கள் 10, 11 இரண்டையும் எடுக்க வேண்டும். லினக்ஸ் பயன்படுத்துபவர்கள் எண் வரிசையை நம்பாமல், ஒவ்வொரு செயலிக்கும் உரிய டோபாலஜி கோப்பகத்தில் த்ரெட் சிப்ளிங்ஸ் லிஸ்ட் என்ற கோப்பைத் திறந்து பார்த்துக்கொள்ளவும். அங்கே சில செயலிகளில் 0-க்கு ஜோடி 6 ஆகவும் இருக்கலாம்.

தண்டையார்பேட்டை_ஆல்பம்

10, 11 இரண்டையும் எடுத்துவிட்டு அதே வரவேற்பு வீடியோவை மறுபடியும் ஓட்டினேன். 48 நிமிடம் ஆனது. அந்த 48 நிமிடத்துக்குள் மணமகள் வீட்டாரின் ஆல்பத்தில் 14 பக்கங்களைத் தடங்கலின்றி முடித்துவிட்டேன். ஹைப்பர் த்ரெடிங்கை இனி அணைக்கப் போவதில்லை.

விற்றவரிடம் சண்டைக்குப் போவதற்காக நேற்று இரவு பில்லை எடுத்துப் பார்த்தேன். செயலியின் பெயருக்குப் பக்கத்தில், வரிக் கணக்குக்கு மேலே, "6சி 12டி" என்று பொடி எழுத்தில் அச்சாகியிருக்கிறது. சி என்றால் கோர், டி என்றால் த்ரெட் என்பது இந்த வாரம்தான் எனக்குத் தெரியும்.